பல்லேகலைப் பாடசாலை வாசலில், வாசித்து முடிக்கும் வரை

எங்கள் மாலை வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியவர்கள் ஒவ்வொருவரும் எங்கேயாவது ஒரு பயணம் போய், வழியில் வாசித்ததை இந்த வலைப்பூவில் எழுத வேண்டும். எனக்கு வயது அறுபத்தெட்டு. கண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியே காலம் போனது. வாசிக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இந்தக் கட்டுரையை ஒரு விரலால் தட்டி எழுத எத்தனையோ பின்னேரங்கள் பிடித்தன. அவ்வளவும் சந்தோஷமான பின்னேரங்கள்.

நான் போவதாக இருந்தது கடுகண்ணாவைக்கு, ரயிலில். காரணம் சோம்பல்தான். ரயில் நிலையங்களில் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், ரயில் நிற்கும் வரை பெயரும் நிற்கும். என்னைப் போல மெதுவாக வாசிக்கிறவனுக்கு அதைவிட மரியாதை வேறென்ன? ஆனால் அந்தப் பயணம் நடக்கவில்லை. நடந்தது பல்லேகலைப் பயணம். கண்டிச் சுற்றுப்புறங்களில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த அந்த வாரத்தில், கலவரம் தொடங்கிய நாளில் போனேன்.

மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பரீனாவுடையது. கணவர் கட்டாரில் வேலை. ஒரே மகள் ஷிபா, பன்னிரண்டு வயது. அன்று காலையில் தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்காக ஷிபாவையும் இன்னும் சில பிள்ளைகளையும் அவர்களுடைய பாடசாலை வேனில் அனுப்பியிருந்தார்கள். போட்டி நடந்தது பல்லேகலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில். காலையில் எல்லாம் அமைதி. மதியம் அந்தப் பக்கத்தில்தான் முதல் கடை எரிந்தது என்று செய்தி வந்தது.

ஒரு மணி கழிந்து பரீனா என் வாசலுக்கு வந்தாள். கையில் போன். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, வேன்கார மனுசன் போன் எடுக்கிறாரில்ல. டீச்சர்ட போனும் வேல செய்யல்ல. ரோட்ட மறிச்சி ஈக்குதாம். நான் போகப்போறன்."

"நீ இந்த உடுப்போட அந்த ரோட்டுல போறியா?" என்றேன். அவள் கறுப்பு அபாயாவோடு நின்றாள்.

"புள்ள அங்க ஈக்குதே!"

"நான் போறேன். என் நெத்தியில விபூதி இருக்கு, வாயில சிங்களம் இருக்கு. உனக்கு ரெண்டும் இல்ல."

"உங்களுக்கு அந்த ஸ்கூல் தெரியுமா?"

"தெரியாது. பேர எழுதிக் குடு. வாசிச்சுக் கண்டுபிடிக்கிறேன்."

பரீனா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் பரீனா வீட்டு மின்சார பில்லை வாசிக்க எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுதித் தந்தாள்.

மஹய்யாவையிலிருந்து மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு நடந்தே போனேன். பல்லேகலைப் பக்கம் பஸ் ஓடவில்லை. வழக்கமான நாளில் அங்கிருந்து பஸ்ஸில் முப்பது ரூபா, ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீற்றர், முக்கால் மணி நேரம். ஆட்டோ என்றால் அறுநூறு ரூபா கேட்பார்கள். அன்று நின்ற ஆட்டோக்காரர்கள் பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார்கள். கடைசியில் ஒருவர் வந்தார். பெயர் சுனில், சிங்களவர், நாற்பது வயதிருக்கும். வீடு குண்டசாலையில்.

"எப்படியும் நான் வீட்டுக்குப் போக வேண்டும், மாமே. பாதி வழிக்கு நீங்கள் துணை, மீதி வழிக்கு நான் துணை" என்று சிங்களத்தில் சொன்னார்.

"பிள்ளையோடு திரும்பியும் வர வேண்டும், மல்லி" என்றேன் நானும் சிங்களத்தில்; மல்லி என்றால் தம்பி.

சுனில் என் பக்கம் திரும்பினார். "பிள்ளையின் பெயர் என்ன?"

சொன்னேன். வண்டியைக் கிளப்பினார்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முந்திப் புறப்பட்டோம். வழியில் வாசித்ததை எழுத வேண்டும் என்பது வகுப்பின் கட்டளை, எழுதுகிறேன். ஒரு டயர் கடை. ஒரு பல் வைத்தியர். "இங்கே குப்பை கொட்டாதே". தென்னக்கும்புர என்ற பெயரைப் பாலத்துக்கு வரும் முன்னே முழுதாக வாசித்துவிட்டேன். இப்படிப்பட்ட நாளிலும் மனம் ஒரு நொடி துள்ளியது, மறைப்பானேன்?

பாலத்தைத் தாண்டிய பிறகு வாசிக்க ஒன்றும் இல்லை. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. ஒரு கடை முன்னால் ஏணி போட்டு, ஒரு மனிதர் தம் கடைப் பெயர்ப்பலகையின் மேல் சாக்கைப் போர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். சாக்கு போதவில்லை. முதல் இரண்டு எழுத்து வெளியே தெரிந்தது. ஒரு முஸ்லிம் பெயரின் தொடக்கம். அவர் இறங்கிப் போய் ஒரு மெத்தை விரிப்பைக் கொண்டுவந்தார்.

பெயரை வாசிக்க முடிவது எனக்குக் கிடைத்த பாக்கியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். தன் பெயரை ஒருவரும் வாசித்துவிடக் கூடாதே என்று ஒரு மனிதர் ஏணியில் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

பிரதான வீதியில் முன்னால் புகை தெரிந்தது. சுனில் இடது பக்கம் திருப்பி, வீடுகளுக்கு நடுவிலான சிறிய வீதிகளால் வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். பாடசாலை வாசலுக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. ஆறு மணிக்கு ஊரடங்கு என்று சுனிலின் வானொலியில் சொன்னார்கள்.

வாசல் பூட்டியிருந்தது. இருபது பேர் போல நின்றார்கள். எல்லாரும் வெளியூர்ப் பெற்றோர். போட்டிக்கு வந்த பிள்ளைகளைத் தேடி வந்தவர்கள். உள்ளே காவலாளி ஒருவர், மேலே விரலைக் காட்டி ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "போர்டைப் பாருங்கள்! எல்லாம் போர்டில் இருக்கிறது!"

வாசலுக்கு மேலே டிஜிட்டல் பலகை ஒன்று. ஒரு கதவைப் படுக்கப் போட்ட அளவு. பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்ததாம். இந்தக் காலத்தில் பல பாடசாலைகளில் இப்படி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு நல்ல அழகு. நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு ரோஜாப்பூ சுழன்றது. "அதிபர் அவர்களுக்கு இனிய பிறந்தநாள்" என்பதில் பிறந்தநாளுக்கு வரும் முன் பூ போய்விட்டது. அடுத்தது பரீட்சையில் தேறிச் சித்தி பெற்றவர்களின் முகங்கள். அடுத்தது ஒரு பொன்மொழி. அதில் "கல்வி" மட்டும் எனக்குக் கிடைத்தது. பிறகு சிங்களத்தில் ஏதோ. பிறகு தமிழில், "போட்டிக்கு வந்த மாணவர்கள்" என்று வந்தது. "மாணவர்கள்" முடிந்து அடுத்த சொல்லில் கண்ணை வைத்தேன். ரோஜாப்பூ வந்துவிட்டது.

என்னால் எழுத்தை விரட்டிப் பிடிக்க முடியாது. எழுத்து நின்றால் நானும் நின்று பிடிப்பேன். அந்தப் பலகையோ, வாசிக்கத் தெரிந்தவர்களைக்கூடத் துரத்துகிற வேகத்தில் ஓடியது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் முழுவதையும் வாசித்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார். "புள்ளைங்கள ஸ்டேடியத்துக்கு முன்னால பஸ் ஹோல்ட்ல ஏத்துறாங்களாம்! அங்க போங்க!"

அந்த பஸ் தரிப்பிடம் பிரதான வீதியில் இருக்கிறது. நாங்கள் புகையைப் பார்த்துத் திரும்பிய அதே வீதி. இருந்தும் ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். பிள்ளை அங்கே என்றால் புகையைப் பார்க்கவா முடியும்? அதில் தலையில் தொப்பி போட்ட ஒரு தகப்பனும் இருந்தார்.

"மாமே, ஏறுங்கள்!" என்று சுனில் வண்டியைத் திருப்பினார்.

"பொறு மல்லி. நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை."

இதில் என் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. வாசித்து முடிக்காமல் கிளம்பினால், அந்தச் சொற்கள் பாதியில் தொண்டையில் நிற்கும். புதிதாக வாசிக்கக் கற்றவர்களுக்கு இது தெரியும். அதோடு, வேறு யாரோ வாசித்துச் சொன்னதைக் கேட்டு நடந்தே அறுபத்தாறு வருடம் போய்விட்டது. அன்று நானே வாசிக்க வேண்டும் என்றிருந்தது.

மறுபடியும் பூ, முகங்கள், பொன்மொழி. இந்த முறை முதல் சொற்களை விட்டுவிட்டு வரியின் கடைசியில் கண்ணை வைத்துக் காத்திருந்தேன். "பஸ் தரிப்பிடம்" சரியாக இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் பூ வருவதற்கு முன்னால், கண் சிமிட்டும் நேரத்தில், இன்னொரு பக்கம் வந்து போனது. அதன் கடைசிச் சொல் "பின்வாசல்".

"மல்லி, இரண்டு அறிவித்தல் ஓடுகிறது" என்றேன்.

சுனிலும் அண்ணாந்து பார்த்தார். அடுத்த சுற்றில் சிங்களப் பக்கத்தை வாசித்தார். முகம் மாறியது. "பிள்ளைகள் எல்லாரும் உள்ளே. பின்வாசலால் வரச் சொல்கிறது. காலையில் சொன்ன பஸ் தரிப்பிடம் இனி இல்லையாம்!" என்றவர், ஆட்டோவை உதைத்துக் கிளப்பினார். "நீங்கள் உள்ளே போங்கள். நான் ஓடியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்."

வாசலில் நின்றவர்களிடம் சொல்லிப் பார்த்தேன்; பலகை இரண்டையும் மாறி மாறிக் காட்டியதால் யாரும் நம்பி அசையவில்லை. பின்வாசல், மதிலைச் சுற்றிப் போனால் ஒரு முந்நூறு மீற்றர். அங்கே பாடசாலையின் பிரதி அதிபர் நின்றார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா, யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஷிபா என்று பெயர் சொன்னேன். என் விபூதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை, ஐயா?"

"பக்கத்து வீடு."

"இண்டைக்குப் பக்கத்து வீடு எண்டு சொன்னால் நான் பிள்ளையைத் தரேலாது. குறை நினையாதேங்கோ."

குறை நினைக்கவில்லை. நான் அந்த அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மண்டபத்திலிருந்து ஷிபாவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சீருடை, வெள்ளை முக்காடு, கையில் சுருட்டிய பேச்சுத் தாள். என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை, நின்று கேட்டாள்.

"உம்மா வரல்லயா?"

"உம்மா வாரேன்னுதான் நின்னா. நான்தான் விடல."

"நீங்க தனிய வந்தீங்களா? போர்டெல்லாம் வாசிச்சா?"

"கிண்டல் பண்ணாத. வாசிச்சேன்."

பிரதி அதிபர் தம் அறைத் தொலைபேசியில் பரீனாவைப் பிடித்து, குரலைக் கேட்டு, பிறகுதான் தலையை ஆட்டினார். அப்போது நான் பலகையைப் பற்றிச் சொன்னேன். இரண்டு அறிவித்தலும் சேர்ந்து ஓடுவதைச் சொன்னதும் அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கடவுளே. கொம்பியூட்டர் மாஸ்டர் புதுசைப் போட்டிட்டு பிள்ளையளின்ரை வேனைத் தேடி ஓடினவர். பழசை எடுக்கேல்லைப் போல."

"ஏழெட்டுப் பேர் பஸ் ஹோல்டுக்கு ஓடிட்டாங்க, அம்மா. என் ஆட்டோக்காரர் கூட்டிவரப் போயிருக்கார்."

"பலகையை நிப்பாட்டுவமோ?" என்று ஓர் இளம் ஆசிரியை கேட்டார்.

"இருட்டாக் கிடந்தால் பள்ளிக்கூடத்திலை ஒருத்தரும் இல்லையெண்டு நினைப்பினம். பிள்ளையைத் தேடி மதிலேறிக் குதிப்பினம்" என்றார் பிரதி அதிபர்.

பலகைக்கான கடவுச்சொல்லோ கணினி ஆசிரியரிடம். அவருடைய போன் பல முறை அடித்தபின் கிடைத்தது. பிரதி அதிபர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழித்தார். பூ போனது. பிறந்தநாள் போனது. சித்தி பெற்றவர்களை அழிக்கும்போது, "பாவம் பிள்ளையள்" என்றார். பிறகு புதிய அறிவித்தலைச் சுருக்கினார்: பிள்ளைகள் அனைவரும் உள்ளே. பாதுகாப்பாக உள்ளனர். பின்வாசலுக்கு வாருங்கள். இதே மூன்று வரி சிங்களத்திலும்.

"ஒரு பக்கம் எவ்வளவு நேரம் நிக்க வேணும் எண்டு கேக்குது" என்றார். "வழமையா நாலு செக்கன்."

"நாலு செக்கன்ல நான் 'பிள்ளைகள்' கிட்டதான் நிப்பேன், அம்மா."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அப்ப ஐயா, நீங்கள் முன்வாசலுக்குப் போங்கோ. நான் யன்னலால பாக்கிறன். ஆறுதலா வாசியுங்கோ. முடிஞ்சதும் கையைத் தூக்குங்கோ. பயத்தோட வாற தாய் தகப்பனுக்கும் அவ்வளவு நேரம் வேணும்."

நேரமோ நாலு மணியைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஷிபாவின் கையைப் பிடித்து ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் சுனில் திரும்பவில்லை. மறுபடியும் மதிலைச் சுற்றி நடந்தேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, அண்ணாந்து, என் வாழ்க்கையிலேயே கவனமாக அந்த மூன்று வரியையும் வாசித்தேன். பலகை எனக்காக நின்றது. "வாருங்கள்" முடிந்ததும் கையைத் தூக்கினேன். யன்னலில் ஒரு கை பதிலுக்கு அசைந்தது.

என்னைச் சுற்றி நின்றவர்களும் வாசித்தார்கள். இந்த முறை யாரும் யாருக்கும் கத்திச் சொல்லவில்லை. ஒவ்வொருவராகப் பின்வாசல் பக்கம் நடந்தார்கள். ஓடவில்லை. அந்த வித்தியாசத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

சுனில் வரும்போது ஆட்டோவின் இரண்டு பக்கமும் மழைச்சீலையை இறக்கிக் கட்டியிருந்தார். நல்ல வெயில். உள்ளே அந்தத் தொப்பி போட்ட தகப்பன் தலையைக் குனிந்து இருந்தார், மடியில் தொப்பி. பின்னால் மற்றவர்கள் நடந்தும் மோட்டார் சைக்கிளிலும் வந்தார்கள். "ஹோல்டுக்குப் போகும் முன்னமே பிடித்துவிட்டேன்" என்றார் சுனில். அவருடைய சட்டை முழுதும் நனைந்திருந்தது. "வெயிலுக்கு மழைச்சீலை போட்டவன் கண்டியிலேயே நான் ஒருவன்தான், மாமே."

புறப்படும்போது சுனில் கண்ணாடியில் ஷிபாவைப் பார்த்து, மெல்ல, "மகளே, வழிக்கு மட்டும் அந்த முக்காட்டைக் கழற்றி வைக்கிறாயா?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஷிபா முக்காட்டு ஊசியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

பல வருடங்களுக்கு முந்தி, தமிழர்களைத் தேடி அடித்த ஜூலைக் கலவரத்தில், ஒரு பஸ்ஸுக்குள் என் மனைவி புறங்கையால் பொட்டை அழித்தாள். அழிக்கச் சொன்னவரும் நல்ல மனிதர்தான். எங்கள் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு பொட்டு வைக்கும் ஒவ்வொரு காலையும் அவள் கண்ணாடியில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் வைப்பாள்.

"வேண்டாம் மல்லி. சீலை இருக்கிறதே" என்றேன்.

சுனில் சீலையின் கயிறை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

தென்னக்கும்புர பாலத்தில் இராணுவத்தினர் மறித்தார்கள். ஓர் இளைஞன் வந்து, "வெயிலில் ஏன் சீலை?" என்று கேட்டான். "பிள்ளைக்குக் காய்ச்சல், காற்றுப் படக் கூடாது" என்றார் சுனில். அவன் சீலையை விலக்கினான். ஷிபாவைப் பார்த்தான். முக்காட்டைப் பார்த்தான். என் விபூதியைப் பார்த்தான். ஷிபாவின் கை என் வேட்டியை இறுக்கிப் பிடித்தது. அவன் தானே சீலையை இழுத்து மூடி, கயிற்றைச் சுனிலிடம் கொடுத்தான். "சீக்கிரம் போங்கள். எங்கும் நிற்காதீர்கள்."

ஐந்தரைக்கு மஹய்யாவை. பரீனா ஒழுங்கை முனையில் நின்றாள். நடந்ததை எழுத எனக்கு இன்னும் அவ்வளவு எழுத்து வரவில்லை. சுனில் அன்றிரவு குண்டசாலைக்குப் போக முடியாமல் எங்கள் வீட்டில்தான் படுத்தார். கேட்ட கூலி வழக்கமான கூலிதான். பரீனா வீட்டிலிருந்து அவருக்கு இடியப்பம் வந்தது. "கலவரம் என்றால் இப்படிச் சாப்பாடா?" என்று கேட்டார், அதற்கு யாரும் சிரிக்கவில்லை, பிறகு ஷிபாதான் முதலில் சிரித்தாள்.

இனி, போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பிள்ளையை வேறு பாடசாலைக்குப் போட்டிக்கு அனுப்பும்போது அந்தப் பாடசாலையின் நிலையான தொலைபேசி இலக்கத்தை எழுதி வையுங்கள். கைபேசி வேலை செய்யாத நாள் வரும். யார் வந்தால் பிள்ளையைக் கொடுக்கலாம் என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள். பல்லேகலைக்கு இப்போது பஸ் தாராளமாக ஓடுகிறது, காலையில் போனால் இருக்க இடம் கிடைக்கும்.

டிஜிட்டல் பலகை வைத்திருக்கும் பாடசாலைகளுக்கும் ஒரு வாசகனாகச் சொல்கிறேன். பூவும் பிறந்தநாளும் இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவசரம் வந்தால் அது ஒன்று மட்டும் நிற்க வேண்டும். புதியதைப் போடும் கை பழையதை எடுக்கவும் வேண்டும். போட்ட நேரத்தை மூலையில் போடுங்கள். கடவுச்சொல்லை ஒருவர் சட்டைப்பையில் மட்டும் வைக்காதீர்கள். வாசலுக்கு வருகிறவர் உங்கள் மாணவர் அல்ல. ஊர் தெரியாதவர், கண்ணாடி மறந்தவர், நடுங்குகிறவர், அல்லது என்னைப் போன்றவர்.

பாடசாலைகள் மறுபடி திறந்த பிறகு பிரதி அதிபர் கூப்பிட்டு அனுப்பினார். பலகையில் எல்லாவற்றையும் புதிதாக அமைத்திருந்தார்கள். ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பரீனாவும் ஷிபாவும் கூட வந்தார்கள். பஸ்ஸில் போனோம். பாலத்துக்கு அப்பால், அன்று மூடிக் கட்டிய அந்தக் கடையின் பெயர்ப்பலகையில் விரிப்பு இல்லை. முழுப் பெயரையும் வாசித்தேன்.

வாசலில் நின்று அண்ணாந்தேன். பலகையில் நீளமாக ஏதோ வந்தது. ஷிபா ஒரே பார்வையில் வாசித்துவிட்டாள். அவள் உதடு அசைந்து நின்றதிலிருந்து தெரிந்தது. என்னவென்று சொல்லவில்லை. உம்மாவையும் சொல்ல விடவில்லை. என் பக்கத்தில் நின்று, நான் கையைத் தூக்கும் வரை காத்திருந்தாள்.